ஆவியாகும் துளியின் வெப்பநிலை: ஒற்றைப் பட்டையா, இரு பட்டை விகிதமா?

ஏறத்தாழ 2 மில்லிமீட்டர் விட்டமுள்ள நீர்த்துளி ஆவியாகும்போது அதன் உள்ளே வெப்பநிலை எப்படி மாறுகிறது என்பதை அளக்க வேண்டியிருந்தது. தெர்மோகப்பிள் என்ற கம்பி வடிவ வெப்ப உணரியைச் செருகினால் அதன் கம்பி வழியே வெப்பம் துளிக்குள் புகுந்து, அளக்க வந்ததையே மாற்றிவிடும். ஆகவே தொடாமல் அளக்கும் முறைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டியதாயிற்று. ஒளிரும் சாயத்தின் பிரகாசத்தை ஒரே அலைநீளப் பட்டையில் அளப்பது, அதே சாயத்தை இரு பட்டைகளில் அளந்து விகிதம் காண்பது, ஒளிர்வின் ஆயுட்காலத்தை, அதாவது தூண்டிய பின் சாயம் ஒளிரும் நேரத்தை அளப்பது, சாயமே இல்லாமல் அகச்சிவப்புக் கேமராவால் பார்ப்பது என நான்கு வழிகள் இருந்தன. இறுதியில் நான் இரு பட்டை விகிதத்தில் நின்றேன்.

அகச்சிவப்புக் கேமராவைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. துளியில் எதையும் கலக்க வேண்டியதில்லை என்பது அதன் பெருஞ்சிறப்பு. ஆனால் 10 மைக்ரோமீட்டர் அலைநீளத்தை ஒட்டிய கதிர்களை நீர் சில பத்து மைக்ரோமீட்டர் ஆழத்துக்குள் உறிஞ்சிவிடுவதால், கேமரா காண்பது துளியின் மேற்தோலை மட்டுமே. விளிம்பில் பரப்பு சாய்ந்திருப்பதால் உமிழ்திறனும் (வெப்பக் கதிரை வெளிவிடும் திறன்) குறைந்து, அங்கே கிடைக்கும் எண்கள் நம்பத்தக்கவையாக இருப்பதில்லை. உட்புறம் தேவை என்றால் லேசருக்கும் சாயத்துக்கும்தான் வர வேண்டும்.

ஒற்றைப் பட்டை முறை முதலில் கவர்ச்சியாகத் தெரிகிறது. 532 நானோமீட்டர் பச்சை லேசர், ரோடமின் பி என்ற ஒளிரும் சாயம், ஒரு வடிப்பான், ஒரு கேமரா ஆகியவை இருந்தால் போதும். நீரில் ரோடமின் பி சாயத்தின் ஒளிர்வு ஒரு பாகை ஏற்றத்துக்குச் சுமார் 2 விழுக்காடு குறைகிறது. அசையாத நீர் நிரம்பிய கண்ணாடிக் குடுவைக்கு இது நல்ல வெப்பமானிதான். துளியில் அது பொய் சொல்வதற்கு அடிப்படையான காரணம், நீர் ஆவியாகிறது, சாயம் ஆவியாவதில்லை என்பதே. விட்டம் பாதியானால் கன அளவு எட்டில் ஒரு பங்காகி, சாயத்தின் செறிவு 8 மடங்காகிறது. செறிவு கூடினால் பிரகாசம் கூடுகிறது. பிரகாசம் கூடுவதைக் கணிப்பொறி குளிர்வு என்று வாசிக்கிறது.

இந்தப் பிழை எதிர்பார்த்த திசையிலேயே விழுகிறது என்பதால் அதைக் கண்டுபிடிப்பதும் கடினம். 25 பாகை செல்சியஸும் 50 விழுக்காடு ஈரப்பதமும் உள்ள காற்றில் தொங்கும் நீர்த்துளி, ஈரக்குமிழ் வெப்பநிலையான (ஆவியாதலால் நீர் குளிரக்கூடிய எல்லை) சுமார் 18 பாகைக்குக் குளிர்ந்து அங்கே நின்றுவிட வேண்டும். இந்த 7 பாகைக் குளிர்வு தரும் பிரகாச மாற்றம் சுமார் 14 விழுக்காடு. விட்டம் 4 அல்லது 5 விழுக்காடு சுருங்கினாலே செறிவு அதே அளவு கூடிவிடும். அதாவது துளி துளியும் குளிராவிட்டாலும் அழகான குளிர்வு வளைகோடு கிடைத்துவிடும். எனக்குக் கிடைத்த முதல் வளைகோடும் அப்படிப்பட்டதே. அது 18 பாகையில் நிற்காமல் மேலும் கீழே போய்க்கொண்டே இருந்த பிறகுதான் விழித்துக்கொண்டேன்.

துளியைப் பக்கவாட்டில் படம்பிடித்து, விட்டத்தைக் கொண்டு செறிவைக் கணக்கிட்டுத் திருத்தலாமே என்று கேட்கலாம். நானும் முயன்றேன். விட்டத்தில் 1 விழுக்காடு பிழை என்பது செறிவில் 3 விழுக்காடு, வெப்பநிலையில் ஒன்றரைப் பாகை. மேலும் செறிவு துளி முழுதும் சீராக இருப்பதில்லை. நீரில் வெப்பம் பரவும் வேகத்தோடு ஒப்பிட்டால் ரோடமின் மூலக்கூறு பரவும் வேகம் சுமார் 300 மடங்கு குறைவு. எனவே பின்வாங்கும் பரப்பை ஒட்டிச் சாயம் தேங்குகிறது. தட்டின் மேல் அமர்ந்த துளியானால் ஓட்டம் அதை விளிம்புக்குக் கொண்டுபோய், உலர்ந்த காப்பிக் கறையைப் போல வளையமாகப் படிய வைக்கிறது. விட்டம் ஒன்றைக் கொண்டு இவற்றையெல்லாம் திருத்த முடியாது.

இரு பட்டை விகிதம் இந்த இடத்தில்தான் தன் மதிப்பைக் காட்டுகிறது. ஒரே சாயம் ஒரே இடத்திலிருந்து உமிழும் ஒளியை இரு பட்டைகளாகப் பிரித்து வகுத்தால், செறிவு தொகுதியிலும் பகுதியிலும் இருப்பதால் அடிபட்டுப் போகிறது; இரு பட்டைகளும் வெப்பநிலைக்கு ஒரே அளவில் மசிவதில்லை என்பதால் வெப்பநிலையின் தடயம் மட்டும் மிஞ்சுகிறது. துளியின் வளைவு லென்சைப் போல லேசரைக் குவித்து உண்டாக்கும் வெளிச்ச மேடு பள்ளங்களும் அதே காரணத்தால் மறைகின்றன. பிரான்சின் நான்சி நகர ஆய்வாளர்கள் 2001 வாக்கில் ஆவியாகும் துளிகளிலும் எரியும் துளிகளிலும் இதையே பயன்படுத்தினார்கள். வெப்பநிலைக்கு வேறுவிதமாக மசியும் இரண்டாவது சாயத்தைச் சேர்க்கும் வழியும் உண்டு. ஆனால் இரு சாயங்களும் பரப்பில் ஒரே அளவில் ஒட்டுவதில்லை, லேசரில் ஒரே வேகத்தில் வெளிறுவதும் இல்லை. ஃப்ளூரசின் சாயத்தில் இன்னொரு தொல்லையும் உண்டு: அதன் ஒளிர்வு நீரின் அமிலத்தன்மையைப் பொறுத்தது, தாங்கல் கரைசல் (அமிலத்தன்மையை மாறாமல் வைக்கும் கரைசல்) இல்லாத சிறு துளியோ காற்றிலிருந்து கரியமில வாயுவை உறிஞ்சிக்கொண்டே இருக்கும்.

விகிதம் முற்றிலும் கறைபடாதது என்றும் சொல்ல மாட்டேன். குறுகிய அலைநீளப் பட்டையின் ஒளியைச் சாயமே வெளியேறும் வழியில் மறுபடி உறிஞ்சுகிறது. செறிவு விட்டத்தின் முப்படிக்கு எதிர்விகிதத்தில் ஏறுகிறது, ஒளி கடக்கும் தூரம் விட்டத்தோடு குறைகிறது. ஆகவே விட்டம் பாதியானால் உறிஞ்சல் 4 மடங்காகும். லிட்டருக்கு 10 மைக்ரோமோல் சாயத்தோடு 2 மில்லிமீட்டர் துளியைத் தொடங்கினால், சாயத்தின் உறிஞ்சல் உச்சத்தில் துளியின் உறிஞ்சளவு (ஒளி எவ்வளவு உறிஞ்சப்படுகிறது என்பதற்கான மடக்கை அளவு) சுமார் 0.2 இலிருந்து 0.8 வரை ஏறிவிடுகிறது. 1 மைக்ரோமோலில் தொடங்கினால் இவை பத்தில் ஒரு பங்குதான். வெளிச்சம் குறைந்து படம் இரைச்சலாக வந்தாலும் நான் இரண்டாவதையே எடுக்கிறேன். நான்சி குழுவினர் பின்னர் இந்த மறு உறிஞ்சலைத் திருத்தவே மூன்றாவது பட்டையைச் சேர்த்தார்கள்.

லேசர் வலிமையைக் கூட்டி இரைச்சலைக் குறைக்கலாம் என்ற ஆசையும் வரும். 2 மில்லிமீட்டர் துளியின் நிறை சுமார் 4.2 மில்லிகிராம். அது 1 மில்லிவாட்டை உறிஞ்சினால்கூட, இழப்பு எதுவும் இல்லாவிட்டால், சுமார் 17 நொடியில் ஒரு பாகை சூடாகிவிடும். துடிப்பு லேசரின் வலிமையைக் கூட்டினாலோ துளியே ஒரு லேசராகி, அதன் சுற்றுவட்டத்தில் ஒளி சுழன்று ஒத்ததிர்ந்து, சில அலைநீளங்களை மட்டும் பெருக்கி விகிதத்தைக் குலைத்துவிடும்.

ஆயுட்கால அளவீட்டைக் கடன் வாங்கிய கருவியில், அமர்ந்த துளிகளின் மேல் சில நாள்கள் மட்டுமே செய்திருக்கிறேன். அறை வெப்பநிலை நீரில் ரோடமின் பி சுமார் 1.7 நானோநொடி ஒளிர்ந்து, சூடேறச் சூடேற அந்நேரம் குறைகிறது; நீர்த்த கரைசலில் அது செறிவைப் பொறுத்ததல்ல. கொள்கை அளவில் இதுவே நான்கிலும் தூயது. ஆனால் ஒவ்வொரு புள்ளியிலும் போதிய ஒளித்துகள்களை எண்ணி முடிப்பதற்குள் துளி சுருங்கிவிட்டது. பறக்கும் துளிகளில் இது எப்படி நடந்துகொள்ளும் என்று தீர்ப்புக் கூற எனக்கு அனுபவம் போதாது.

விகித முறையைத் தொடங்குபவர் முதலில் செய்ய வேண்டியது ஆவியாகாத துளியை அளப்பதே. நீராவி நிறைந்த மூடிய அறையில், தெரிந்த வெப்பநிலையில், 2 மில்லிமீட்டர் துளியையும், 8 மடங்கு செறிவுள்ள 1 மில்லிமீட்டர் துளியையும் அடுத்தடுத்துத் தொங்கவிட்டு விகிதத்தைப் பாருங்கள். இரண்டும் ஒரே எண்ணைத் தரவில்லையென்றால், எத்தனை பாகை வேறுபடுகின்றனவோ அத்தனை பாகைப் பிழை உங்கள் ஆவியாதல் வளைகோட்டின் கடைசியில் காத்திருக்கிறது.