வீட்ஸ்டோனா, லாச்செனலா, ஜெஃப்ரீஸா? பழைய கன்செர்ட்டினாவைச் செய்தவரைக் கண்டுபிடிப்பது

கன்செர்ட்டினா என்பது இரு கைகளாலும் இழுத்து அமுக்கி, பொத்தான்களால் வாசிக்கும் சின்னத் துருத்தி இசைக்கருவி. லண்டனில் செய்த பழைய கருவி ஒன்று கைக்கு வந்தால், விலையைத் தீர்மானிப்பது செய்தவர் பெயர்தான்; வீட்ஸ்டோன், லாச்செனல், ஜெஃப்ரீஸ் மூவரும் அங்கே இவற்றைச் செய்தவர்கள். ஆனால் வெளியே ஒட்டியிருக்கும் பெயரை நம்பிப் பணம் கொடுப்பது ஆபத்து. அந்தக் காலத்து இசைக்கருவிக் கடைகள் பட்டறைகளிலிருந்து கருவிகளை வாங்கித் தங்கள் லேபிளை ஒட்டி விற்றன. கடைக்காரர் பெயருக்குக் கீழே பெரும்பாலும் லாச்செனல் கருவிதான் இருக்கும்.

முதலில் கைப்பிடியைப் பாருங்கள். கட்டைவிரலுக்கு ஒரு வளையமும் சுண்டுவிரலுக்கு ஒரு உலோகத் தாங்கியும் இருந்தால் அது இங்கிலீஷ் வகை. துருத்தியை இழுத்தாலும் அமுக்கினாலும் ஒரு பொத்தானில் ஒரே சுரம். உள்ளங்கையைச் சுற்றித் தோல்வார் இருந்து, இழுக்கும்போது ஒரு சுரமும் அமுக்கும்போது வேறு சுரமும் வந்தால் ஆங்கிலோ. தோல்வார் இருந்தும், இழுத்தாலும் அமுக்கினாலும் ஒரே சுரம் என்றால் டூயட். ஜெஃப்ரீஸ் புகழ் ஆங்கிலோவிலும் தன் பெயரிலான டூயட்டிலும்தான். கட்டைவிரல் வளையத்தோடு ஜெஃப்ரீஸ் முத்திரை வந்தால் பணப்பையை மூடிவிடலாம்.

மூவரில் எளிதில் பிடிபடுபவர் வீட்ஸ்டோன். பள்ளி இயற்பியலில் வரும் வீட்ஸ்டோன் சமனச்சுற்றின் அதே சார்லஸ் வீட்ஸ்டோன்தான் இவர். கன்செர்ட்டினாவுக்கு 1844-இல் காப்புரிமை பெற்றார். லேபிளில் 20, கான்டிட் தெரு என்றிருந்தால் 19-ஆம் நூற்றாண்டு. 15, வெஸ்ட் தெரு, சேரிங் கிராஸ் ரோடு என்றிருந்தால் 20-ஆம் நூற்றாண்டு. எஞ்சிய நிறுவனப் பதிவேடுகள் லண்டன் ஹார்னிமன் அருங்காட்சியகத்தில் உள்ளன, இணையத்திலும் பார்க்கலாம். வரிசை எண்ணைத் தேடினால் பல நேரம் தேதியே கிடைத்துவிடும். 1891 முதல் 1910 வரை ஏடுகளில் இடைவெளி. எட்டு பக்கங்களோடு வருவது அவர்களின் உயர்ரகமான ஏயோலா.

லாச்செனலுக்கு அப்படிப்பட்ட பதிவேடு இல்லை; எண்ணை வைத்து ஆண்டைத் தோராயமாகத்தான் சொல்ல முடியும். இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். இங்கிலீஷுக்கு ஒரு வரிசை, ஆங்கிலோவுக்குத் தனி வரிசை. ஆங்கிலோ எண்கள் இரண்டு லட்சம் வரை போயின. ஆகவே 50,000 என்ற எண் இரண்டு வகையிலும் இரண்டு வெவ்வேறு காலத்தைக் குறிக்கும். வீட்ஸ்டோன் எண்களும் இதே அளவுகளில் வருவதால், பெயரில்லாத வெறும் எண் எதையும் நிரூபிக்காது. ஆங்கிலோவின் கைத்தாங்கிக் கட்டையில் ரீட் (காற்றில் அதிர்ந்து ஒலி தரும் உலோக நாக்கு) படத்தோடு ‘இங்கிலிஷ் மேக்’ என்று அழுத்திய வணிகக் குறி இருந்தால் நல்ல சாட்சி. நிறுவனர் லூயி லாச்செனல் 1861-இல் இறந்தார். ‘லாச்செனல் அண்ட் கோ’ என்ற பெயர் 1873-க்குப் பிறகுதான். பன்னிரண்டு பக்கக் கருவி வந்தால், பெரும்பாலும் அது அவர்களின் எடியோஃபோன்.

ஆறு பக்கக் கருவி எல்லோரும் செய்ததால், திறந்துதான் ஆகவேண்டும். ஒரு முனைக்கு ஆறு நீளத் திருகுகள். தலைப் பள்ளத்துக்குச் சரியாகப் பொருந்தும் திருப்புளியால் ஒவ்வொன்றையும் கொஞ்சம் கொஞ்சமாகச் சுற்றிச்சுற்றித் தளர்த்துங்கள். ஒன்றை முழுதாகக் கழற்றிவிட்டு அடுத்ததற்குப் போனால் பலகை கோணும். அட்டையில் ஆறு துளை போட்டு, எந்தத் திருகு எங்கிருந்து வந்தது என்று அதே வரிசையில் செருகி வையுங்கள். இடம் மாறினால் இழை கெடும். மேல்பலகையை மட்டமாகத் தூக்குங்கள், சாய்த்தால் பொத்தான்கள் சிதறும்.

இப்போது பொத்தானை அமுக்கும்போது அசையும் லீவர்களைக் கவனியுங்கள். பித்தளைத் தூணின் பிளவில் லீவர் கொக்கிபோல் மாட்டி, ஸ்பிரிங் அழுத்தத்தில் மட்டும் நிற்பது லாச்செனல் வழக்கம். ரிவிட் வைத்து இறுக்கிய அச்சில் லீவர் சுழல்வது ஜெஃப்ரீஸிலும், வீட்ஸ்டோனின் பிற்கால உயர்ரகங்களிலும் வரும். ஆனால் மலிவு வீட்ஸ்டோனிலும் கொக்கி வகை உண்டு. லாச்செனல் முன்பு வீட்ஸ்டோனுக்காக வேலை செய்தவர். ஆகவே கொக்கியை மட்டும் வைத்துத் தீர்ப்பு எழுதக் கூடாது.

அடுத்து ரீட் பலகை. லண்டன் கருவிகளில் ஆர்மோனிய ரீட் போல ஒவ்வொரு நாக்குக்கும் தனிச் சட்டம். அது மரத்தில் வெட்டிய சரிவுப் பள்ளத்தில் செருகி நிற்கும். நாக்கு எஃகா பித்தளையா என்று குறித்துக்கொள்ளுங்கள்: பித்தளை பழைய அல்லது மலிவு ரகம், ஒலி மென்மை. ஒரே நீளத் தகட்டில் வரிசையாகப் பல நாக்குகளும் மர லீவர்களும் தெரிந்தால் ஜெர்மன் பெட்டி. மேலே எந்த லண்டன் கடையின் சீட்டு இருந்தாலும் சரி.

ஜெஃப்ரீஸ்தான் தலைவலி. சார்லஸ் ஜெஃப்ரீஸ் பேடிங்டன் பிரேட் தெருவில் தொழில் நடத்தியவர். பதிவேடு இல்லை, தேதி காட்டும் வரிசை எண்ணும் இல்லை. உள்ளே தெரியும் சின்ன எண்கள் உதிரிகளை ஒன்றுசேர்க்க இட்டவை. உலோக முனையில் அழுத்திய ‘சி. ஜெஃப்ரீஸ் மேக்கர்’தான் அடையாளம், அதைப் பிற்காலத்தில் எவரும் அடிக்கலாம். லென்ஸ் வைத்துப் பாருங்கள்: நூறு வருடக் கைத்தேய்மானமும் கீறல்களும் எழுத்தின் விளிம்பு வரை போய், விளிம்பும் மழுங்கியிருந்தால் பழசு, எழுத்துகள் கீறல்களை வெட்டிக்கொண்டு கூர்மையாக இருந்தால் புதுசு. முத்திரையே இல்லாத நல்ல ரிவிட் ஆங்கிலோ என்றால், பிறர் பெயருக்கும் செய்துகொடுத்த கிராப் என்ற லண்டன் பட்டறையையும் கணக்கில் எடுங்கள்.

மூடும் முன் முனைப்பலகை, லீவர் பலகை, ரீட் பலகை, துருத்திச் சட்டம் நான்கிலும் எண்களைத் தேடிப் படமெடுங்கள். ஒத்துப்போகாவிட்டால் இரண்டு கருவிகளின் பாகங்கள் ஒன்றாகியிருக்கின்றன. அப்போது ரீட்களைச் செய்தவருக்குத்தான் விலை கொடுக்கவேண்டும். முனையில் எந்தப் பெயர் மின்னினாலும்.