ஒர்க்ஃப்ளோ சாஃப்ட்வேர் நல்லா தான் இருக்கு, ட்ரெய்னிங் மட்டும் முதல்ல சாருக்கு குடுங்க

அக்கவுண்டிங் ஃபர்ம்ல ஒர்க்ஃப்ளோ சாஃப்ட்வேர் வாங்கலாமா வேணாமான்னு யோசிச்சிட்டு இருக்கறவங்களுக்காக எழுதுறேன். நாங்க வாங்கினது எதுன்னு பேர் சொல்லப் போறதில்ல, திட்ட வேண்டியதும் கொஞ்சம் இருக்கு அதனால. கார்பன், டாக்ஸ்டோம், ஃபைனான்ஷியல் சென்ட்ஸ்னு இந்த வகையில நிறைய இருக்கு, அடிப்படை எல்லாத்துலயும் ஒண்ணு தான். மாசாமாசம் வர்ற வேலை ஒவ்வொரு க்ளையண்ட் பேர்லயும் தானா உருவாகிடும், யார் பண்றாங்க, எப்போ முடிக்கணும், இப்போ எங்க நிக்குதுன்னு காட்டும், டாக்குமெண்ட் வரலன்னா க்ளையண்ட்டுக்கு அதுவே ரிமைண்டர் போடும்.

சாஃப்ட்வேருக்கு அஞ்சுக்கு நாலு. ஸ்டாஃபுக்கு கம்பெனிக்காரங்க குடுத்த ட்ரெய்னிங்குக்கு ரெண்டு, அதுவும் சொல்லிக்குடுத்தவங்க பொறுமையா பேசினாங்கங்கிறதுக்காக.

ட்ரெய்னிங்ல முழுக்க முழுக்க டேஷ்போர்டு தான் காட்டினாங்க, கலர் கலரா சார்ட், யார்கிட்ட எவ்ளோ வேலை தேங்கியிருக்குன்னு. ஃபர்மோட பார்ட்னர், அதாவது எங்க சாருக்கு, கண்ணு ஜொலிச்சுது. காலையில வந்து உக்கார்ற ஜூனியர் முதல்ல எதைத் திறக்கணும், பாதி முடிச்ச வேலைய எப்படி விட்டுட்டுப் போகணும், இதை யாரும் சொல்லல. டெமோவுல ஒரு சாம்பிள் க்ளையண்ட் வேற, பேங்க் ஸ்டேட்மெண்ட்டு பில்லு எல்லாம் தேதி தவறாம அனுப்பிடுது. அப்படி ஒரு க்ளையண்ட் நெஜத்துல இருந்தா எங்களுக்கு சாஃப்ட்வேரே தேவைப்படாதே!

அப்புறம் அவங்களே ரெடிமேடா குடுத்த மாசக் கணக்கு டெம்ப்ளேட். நாப்பது ஸ்டெப்புக்கு மேல செக்லிஸ்ட், "பேங்க் ஸ்டேட்மெண்ட் திறக்கவும்"ங்கிறதுக்கே ஒரு டிக். ஆக்டிவிட்டி லாக் திறந்து பாத்தா சாயங்காலம் கிளம்புறதுக்கு முன்னாடி ஒரே நிமிஷத்துல எல்லா டிக்கும் விழுந்திருக்கு, வரிசையா, ஒரே ஆள் பேர்ல. உடனே ஸ்டாஃப் ஏமாத்துறாங்கன்னு பேச்சு கிளம்புச்சு, ஆனா லெட்ஜரோட மல்லுக்கட்டிட்டு ரீகன்சிலியேஷன்ல (பேங்க் கணக்கையும் நம்ம கணக்கையும் ஒத்துப் பாக்குறதுல) ஒரு சின்ன வித்தியாசத்தைத் தேடிட்டு இருக்கறவங்க நடுவுல எழுந்து வந்து டிக் போட மாட்டாங்க, யாரா இருந்தாலும். கடைசில வேலை கை மாறுற இடம் மட்டும் வச்சோம்: டாக்குமெண்ட் வந்தாச்சு, பேங்க் டேலி ஆயிடுச்சு, சந்தேகம் கேட்டு அனுப்பியாச்சு, ரிவ்யூக்கு ரெடி, ரிவ்யூ பாயிண்ட் க்ளியர், க்ளையண்ட்டுக்கு அனுப்பியாச்சு. அதுக்கப்புறம் தான் டிக் விழுற நேரம் வேலை நடந்த நேரத்தோட ஒத்துப்போக ஆரம்பிச்சுது.

ஸ்டேட்டஸும் அப்படித்தான். வெறும் "வெயிட்டிங்"னு ஒண்ணு இருந்துச்சு, யாருக்காக வெயிட்டிங்னு கடவுளுக்கே வெளிச்சம். அதை "க்ளையண்ட்கிட்ட இருக்கு", "ரிவ்யூல இருக்கு"ன்னு ரெண்டா பிரிச்சோம், ஸ்டாஃப் மனசு மாறினது இதுல தான்னு நான் நினைக்கிறேன். எங்க சீனியர் அக்கா ஒருத்தங்க, எல்லாம் அவங்க எக்ஸெல்ல கலர் போட்டு வச்சிருப்பாங்க, இந்தப் பக்கம் அவ்வளவா எட்டிப் பாக்கல. ஒரு க்ளையண்ட் நேரா எங்க சார்கிட்ட போய் "உங்க ஆபீஸ்ல எங்கிட்ட எதுவும் கேக்கவே இல்லையே"ன்னு சாதிச்சாரு. அக்கா சாஃப்ட்வேர்ல அந்த ரிக்வெஸ்ட்டைத் திறந்து, முதல்ல கேட்ட தேதி, அதுக்கப்புறம் போன ஒவ்வொரு ரிமைண்டர், எல்லாத்தையும் சார் முன்னாடி காட்டினாங்க. முன்னாடியெல்லாம் லேட்டானா பழி நம்ம தலையில தான் விழும். அன்னைக்கு மத்தியானமே அக்கா அவங்க மீதி க்ளையண்ட் லிஸ்ட் மொத்தத்தையும் உள்ள ஏத்த ஆரம்பிச்சுட்டாங்க, யாரும் சொல்லல.

அக்கவுண்டன்ட்டுங்க புதுசு எதையும் தொட மாட்டாங்கன்னு சும்மா சொல்லிடுறாங்க. 1979ல ஆப்பிள் டூங்கிற கம்ப்யூட்டருக்கு விசிகால்க்னு, பெர்சனல் கம்ப்யூட்டர்ல ஓடுற முதல் ஸ்ப்ரெட்ஷீட் வந்தப்போ அந்த ஒரு ப்ரோக்ராமுக்காகவே கம்ப்யூட்டர் வாங்கினவங்கள்ல இதே அக்கவுண்டன்ட்டுங்களும் உண்டு, ஏன்னா ஒரு நம்பர் மாறினா பேப்பர்ல மொத்தக் கூட்டலையும் அழிச்சு எழுதுற வேலை மிச்சமாச்சு, யாருக்கு வலியோ அவங்களுக்கே மருந்து. ஃப்ரெட் டேவிஸ்னு ஒருத்தர் 1989லயே ஆராய்ச்சி பண்ணி சொல்லிட்டாரு, ஈஸியா இருக்காங்கிறதை விட நம்ம வேலைக்கு உதவுதாங்கிறது தான் ஆளுங்க யூஸ் பண்றாங்களான்னு அதிகமா தீர்மானிக்குதுன்னு. விக்கிறவங்க என்னடான்னா இன்னும் "ரொம்ப ஈஸி சார்"னே சொல்லிட்டு இருக்காங்க.

இப்போ தலைப்புக்கு வர்றேன். எங்க சார் சாஃப்ட்வேர் வாங்கிட்டு, தினமும் வாட்ஸ்அப்புல "அந்த ஃபைல் என்னாச்சும்மா?"ன்னு கேட்டுட்டே இருந்தாரு. எப்படியும் வாயால சொல்லணும்னா அதுல எதுக்கு ஒரு தடவை அப்டேட் பண்ணணும், ரெட்டை வேலை தானே? இதை நிறுத்தினது எங்க மேனேஜர் மேடம். திங்கக்கிழமை மீட்டிங்ல போர்டை, அதாவது சாஃப்ட்வேர்ல எந்த வேலை எங்க நிக்குதுன்னு காட்டுற பக்கத்தை, மட்டும் ஸ்க்ரீன்ல போடுவாங்க, போர்டுல இல்லாத வேலையப் பத்தி பேச்சே கிடையாது. பழைய எக்ஸெல் ட்ராக்கரை யாரும் எடிட் பண்ண முடியாதபடி பூட்டினாங்க, ரெண்டும் கூடவே ஓடினா எக்ஸெல் தான் ஜெயிக்கும். சார் கேட்டா "போர்டுல இருக்கு சார்"னு ஒரே பதில். ரெண்டு மூணு வாரம் முகம் சுளிச்சாரு, அப்புறம் அவரே தேடிப் பாக்க ஆரம்பிச்சுட்டாரு. ஜூனியர் பசங்க ஒழுங்கா அப்டேட் பண்ண ஆரம்பிச்சது அதுக்கு அப்புறம் தான்.

டைமர் ஆப்ஷனை முதல் நாளே ஆன் பண்ண சொன்னாங்க கம்பெனிக்காரங்க, மேடம் மறுத்துட்டாங்க. நல்ல வேளை. எடுத்த எடுப்புலயே நிமிஷக் கணக்கு கேட்டா நம்மள வேவு பாக்கத்தான் வாங்கியிருக்காங்கன்னு தான் எல்லாருக்கும் தோணும். ஃபைலிங் சீசன்ல ஆரம்பிக்காதீங்க, மாசக் கணக்கு வேலை மட்டும் முதல்ல, ஆடிட் அப்புறம்.

குறைன்னு பாத்தா, க்ளையண்ட் டாக்குமெண்ட் ஏத்துற போர்ட்டலுக்கு இன்னொரு பாஸ்வேர்டு, அதனால பாதி பேர் பில்லை இன்னும் வாட்ஸ்அப்புல ஃபோட்டோ எடுத்து தான் அனுப்புறாங்க, அதை இறக்கி ஏத்துறது நம்ம தலையெழுத்து. யாராவது கமெண்ட் போட்டா மெயில், டிக் போட்டா மெயில், நோட்டிஃபிகேஷன் செட்டிங்கை முதல் நாளே கொறைச்சிடுங்க இல்லன்னா எல்லாரும் மொத்தமா இக்னோர் பண்ண ஆரம்பிச்சிடுவாங்க. வேலைய விட்டுப் போனவங்க பேர்லயே மாசாமாசம் வேலை உருவாகிட்டு இருந்துச்சு, எந்த வார்னிங்கும் வரல. மொபைல் ஆப் சும்மா பாக்கறதுக்கு தான்.

நாலஞ்சு பேர் ஒரே ரூம்ல உக்காந்து வேலை பாக்குற ஆபீஸுக்கு இது வேணாம், எக்ஸெல்லே போதும். அதுக்கு மேலன்னா வாங்கலாம், ஆனா ட்ரயல்ல அவங்க சாம்பிள் க்ளையண்ட்டை வச்சு பாக்காதீங்க, உங்ககிட்ட இருக்கறதுலயே ரொம்ப படுத்துற ரெண்டு மூணு க்ளையண்ட்டைப் போட்டு ஓட்டிப் பாருங்க. நாளைக்கு வேற சாஃப்ட்வேருக்கு மாறினா பழைய கமெண்ட், லாக் எல்லாம் வெளிய எடுக்க முடியுமான்னும் எழுத்துல கேட்டு வாங்கிக்கோங்க, எங்களோடதுல க்ளையண்ட் லிஸ்ட் மட்டும் தான் எக்ஸ்போர்ட் ஆகுது.