கால் ஃபால்கன்ஸ் (Cal Falcons) லைவ் கேமரா: ரெண்டு சீசனா பாக்குறேன், தாராளமா பாக்கலாம்

அமெரிக்காவுல பெர்க்லி யுனிவர்சிட்டி மணிக்கூண்டு மேல முட்டையிட்டு குஞ்சு பொரிக்கிற வல்லூறுகளை யூட்யூப்ல ஃப்ரீயா லைவ்ல காட்டுறாங்க, கேமரா 2019ல வச்சது. எங்க வீட்ல இப்போ காலைல காபி போடுறதுக்கு முன்னாடி டிவில இதத்தான் ஆன் பண்றோம். குஞ்சு பொரிச்ச முதல் வாரம் வெள்ளை பஞ்சு உருண்டை மாதிரி தலை நிக்காம ஆடிட்டு இருக்கும், அம்மா பறவை ஒரு புறாவ கொண்டுவந்து துளித்துளியா கிழிச்சு ஒவ்வொரு வாய்லயும் குடுக்குறத பாக்கணுமே, அவ்ளோ பொறுமை! மூணு வாரத்துல பஞ்சுக்குள்ள பழுப்பு இறகு முளைக்கும், ஆறு வாரத்துல பறக்க ரெடி.

குஞ்சுங்க கத்துற சத்தம் கேட்டா எங்க பூனை எங்க இருந்தாலும் ஓடிவந்து டிவி முன்னாடி உக்காந்துடும், நாய்க்குட்டி மட்டும் சோபால தூங்கும். நாய்க்குட்டிக்கு அப்போ ரெண்டு மாசம்தான், அதனால ஒரு பக்கம் அதுக்கு கஞ்சி ஊட்டிட்டே அந்த பக்கம் வல்லூறு குஞ்சுங்க சாப்பிடுறத பாப்பேன்.

பழைய கதையும் தேடிப் படிங்க. 2022 மார்ச் 31ல ஆண் பறவை கிரின்னல் செத்துப்போச்சு, அதோட ஜோடி, பெண் பறவை ஆனி (Annie) முட்டையோட தனியா நின்னுச்சு, அன்னிக்கே ஒரு புது ஆண் வந்து கூட சேர்ந்து அடைகாக்க ஆரம்பிச்சுது, ஆல்டன்னு பேர் வச்சாங்க. படிச்சப்போ எனக்கு கண்ணு கலங்கிடுச்சு.

குழந்தைங்க இருக்குற வீடுன்னா, இரையை கிழிக்கிறத அப்படியே காட்டுவாங்க, முன்னாடியே சொல்லி வச்சிடுங்க. ஏப்ரல் நடுவுல இருந்து ஜூன் வரைக்கும் பாருங்க. 5க்கு 5.