சதி நடந்த நான்கு அரண்மனைகள்: முதல் டிக்கெட் எதற்கு?

ஐரோப்பாவுக்குப் போகிறவர்களுக்குக் கோட்டை, அரண்மனைப் பட்டியலுக்குப் பஞ்சமே இல்லை. கொலை, கவிழ்ப்பு, சிரச்சேதம் என்று ஆளுக்கொரு கதை வைத்திருக்கின்றன. ஆனால் கதை பெரிதாக இருப்பது வேறு, அது நடந்த இடம் மிஞ்சியிருப்பது வேறு. பல இடங்களில் டிக்கெட் வாங்கி உள்ளே போனால் அறிவிப்புப் பலகைதான் இருக்கும், சுவர் இருக்காது. அதனால் லண்டன் டவர், எடின்பரோவின் ஹோலிரூட், பிரான்சின் ப்ளுவா, செக் நாட்டின் பிராக் கோட்டை ஆகிய நான்கையும் ஒரே கேள்வியால் அளக்கிறேன்: அன்று நடந்ததை இன்று அந்த இடத்தில் நின்று புரிந்துகொள்ள முடிகிறதா?

பேரும் புகழும் லண்டன் டவருக்குத்தான். எட்டாம் ஹென்றியின் இரண்டாவது மனைவி ஆன் பொலினை 1536 மே 19 அன்று, பிரான்சிலிருந்து வரவழைத்த வாள்வீரன் ஒரே வீச்சில் வெட்டிய இடம். டவர் கிரீன் என்ற புல்வெளியில் கண்ணாடித் தலையணை வைத்த நினைவுச் சின்னம் இருக்கிறது. எல்லோரும் அங்கே நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள். சிக்கல் என்னவென்றால், வெட்டு மேடை அந்த இடத்தில் இருந்திருக்காது, வெள்ளைக் கோபுரத்துக்கு வடக்கே இருந்திருக்கும் என்பது வரலாற்று ஆய்வாளர்கள் சிலரின் வலுவான வாதம். டவர் கிரீன் என்று குறித்தது விக்டோரியா காலத்து ஏற்பாடு. கடைசி நாட்களில் ஆன் தங்கியிருந்த அரச மாளிகையும் எப்போதோ இடிபட்டுப் போய்விட்டது. ஆக, டவரின் மிகப் பெரிய கதைக்கு டவரில் மேடையும் இல்லை, அறையும் இல்லை. பக்கத்துத் தேவாலயத்தில் அவளைப் புதைத்தார்கள் என்பது மட்டும் உறுதி.

அதற்காக டவரை ஒதுக்கிவிட வேண்டாம். புல்வெளியை ஒட்டிய பீச்சம் டவருக்குள் நுழையுங்கள். கைதிகள் கல்லில் செதுக்கிய பெயர்கள், குலச் சின்னங்கள், மன்றாட்டுகள் சுவர் முழுக்க இருக்கின்றன. ஒன்பதே நாள் அரசியாக இருந்த ஜேன் கிரேயின் கணவனும் அவன் அண்ணன் தம்பிகளும் இங்கேதான் அடைபட்டிருந்தார்கள். மூத்தவன் ஜான் டட்லி குலச் சின்னத்தைச் செதுக்கி, சுற்றிலும் தம்பிகள் நால்வருக்கும் ஆளுக்கொரு பூவோ இலையோ வைத்திருக்கிறான். வேலைப்பாடு அவசரமில்லாதது. வெளியே தீர்ப்பு எப்படி வரும் என்று தெரியாமல் உள்ளே உட்கார்ந்திருந்தவனுக்கு நேரம் மட்டும் நிறைய இருந்தது என்பது அந்தக் கோடுகளிலேயே தெரியும். கொஞ்சம் தள்ளி 'ஜேன்' என்ற பெயர் மட்டும் தனியாக. யார் செதுக்கியது என்பதற்குச் சான்று கிடையாது. 1554 பிப்ரவரி 12 அன்று கணவனை வெளியே டவர் ஹில்லிலும், அவளைக் கோட்டைக்குள்ளும் கொன்றார்கள். கிரீட நகைகளைப் பார்க்க நிற்கும் வரிசையில் காலை நேரத்தைத் தொலைக்காமல் முதலில் இங்கே வந்துவிடுவது புத்திசாலித்தனம்.

ஹோலிரூட் இதற்கு நேர் எதிர். மன்னர்கள் இன்றும் வந்து தங்கும் அரண்மனை என்பதால் தரைத்தளமும் பெரிய மண்டபங்களும் விருந்துக்குத் தயாராக, கொஞ்சம் சலிப்பூட்டும் நேர்த்தியோடு இருக்கும். அவற்றை வேகமாகக் கடந்துவிடலாம். வடமேற்குக் கோபுரத்தின் குறுகலான சுழல் படியில் ஏறியதும் வேறு நூற்றாண்டு. 1670களில் அரண்மனையைப் புதுப்பித்துக் கட்டியபோதும் ஐந்தாம் ஜேம்ஸ் காலத்து இந்தக் கோபுரத்தை இடிக்கவில்லை. மறுமுனையில் இதற்கு ஜோடியாக இன்னொன்றைக் கட்டிச் சேர்த்தார்கள். ஸ்காட்லாந்து அரசி மேரியின் படுக்கையறையும் அதை ஒட்டிய சாப்பாட்டு அறையும் தப்பியது அப்படித்தான்.

அந்தச் சாப்பாட்டு அறையைப் பார்த்தால்தான் 1566 மார்ச் 9 இரவு புரியும். அரசியின் விருந்து என்றதும் நாம் மனதில் கட்டும் மண்டபம் அங்கே இல்லை. மேசையும் நாலைந்து பேரும் போட்டால் அறை நிறைந்துவிடும். மேரி ஆறு மாதக் கர்ப்பிணி. கூடவே அவளுடைய இத்தாலியச் செயலர் டேவிட் ரிட்சியோ. கணவன் டார்ன்லி கீழே தன் அறையிலிருந்து தனிப் படிக்கட்டு வழியாக மேலே வருகிறான். பின்னாலேயே கவசம் பூண்ட ரத்வென் பிரபு, அவனுக்குப் பின்னால் ஆட்கள். இவ்வளவு பேர் நுழைந்தால் தப்பி ஓட வழி ஏது? ரிட்சியோ அரசியின் ஆடையைப் பிடித்துக்கொண்டான். பிய்த்து இழுத்து, படுக்கையறையைத் தாண்டி வெளியறைக்குக் கொண்டுபோய்க் குத்தினார்கள். ஐம்பதுக்கும் மேற்பட்ட காயங்கள்.

சாப்பாட்டு அறையிலிருந்து வெளியறை வரை அந்தத் தூரத்தை நீங்களே நடந்து பார்க்கலாம். சில அடிகள்தான். வெளியறைத் தரையில் சிவந்த கறை ஒன்றைக் காட்டுவார்கள், பக்கத்தில் பெயர்ப்பலகையும் உண்டு. நானூற்றைம்பது ஆண்டுக்கு மேலாக ரத்தம் அப்படியே நிற்குமா என்பதை உங்கள் முடிவுக்கே விட்டுவிடுகிறேன். கறை இல்லாவிட்டாலும் அந்த அறைகள் போதும்.

ப்ளுவா, சதித்திட்டம் என்ற வகையில் நான்கில் மிகக் கச்சிதமானது. பிரான்சின் மூன்றாம் ஹென்றிக்கு, மக்கள் செல்வாக்கில் தன்னை மிஞ்சிவிட்ட கீஸ் கோமகன் மீது பயம். 1588 டிசம்பர் 23 காலை ஆலோசனைக் கூட்டத்துக்கு அழைத்து, 'மன்னர் உள்ளே கூப்பிடுகிறார்' என்று சொல்லி அரச படுக்கையறை வழியாக வரவைத்தான். காத்திருந்த மெய்க்காவலர்கள் அங்கேயே குத்தி முடித்தார்கள். மறுநாள் கோமகனின் தம்பியான கர்தினாலும் கொலை. எட்டு மாதத்துக்குள் மன்னனே ஒரு துறவியின் கத்திக்குப் பலியானான். அறைக்குள் அறை என்ற அமைப்பைப் பார்த்தால் வலை எப்படி விரிக்கப்பட்டது என்பது விளங்கும். ஆனால் கண்ணைப் பறிக்கும் அந்தச் சுவர் வண்ணங்களில் பெரும்பகுதி 1845க்குப் பிறகு கட்டடக் கலைஞர் ஃபெலிக்ஸ் துபான் புதுப்பித்தபோது தீட்டியவை. அதற்கு முன் கோட்டை படைவீரர் குடியிருப்பாகச் சீரழிந்து கிடந்தது. மூன்றாம் ஹென்றியின் தாய் கத்தரீன் தெ மெடிசி விஷம் ஒளித்து வைத்ததாகச் சொல்லப்படும் ரகசிய அலமாரிகளும் உண்டு. அலமாரி உண்மை, விஷம் கதாசிரியர்களின் கைவரிசை. எனக்கு ப்ளுவா, நல்ல நாடக அரங்கமைப்புக்குள் நுழைந்ததுபோல்தான் இருக்கிறது.

பிராக்கில் பார்க்க வேண்டியது ஒரே ஒரு ஜன்னல். 1618 மே 23 அன்று பொஹீமியாவின் (இன்றைய செக் நாட்டுப் பகுதி) புராட்டஸ்டன்ட் பிரபுக்கள் ஸ்லவாட்டா, மார்டினிட்ஸ் என்ற இரண்டு கத்தோலிக்க ஆளுநர்களையும் ஃபப்ரீசியுஸ் என்ற செயலரையும் பழைய அரச மாளிகையின் அலுவலக ஜன்னல் வழியே தூக்கி வெளியே போட்டார்கள். சுமார் 20 மீட்டர் உயரம். மூவரும் பிழைத்தார்கள்! மாதா தாங்கினாள் என்றது ஒரு தரப்பு, குப்பைமேடு தாங்கியது என்றது மறுதரப்பு. செயலருக்குப் பின்னாளில் பிரபுப் பட்டமே கிடைத்தது. பட்டப்பெயரின் பொருள், நம்புங்கள், 'உயர வீழ்ச்சி'. சிரிப்பு அத்தோடு சரி. இதிலிருந்து பற்றிய முப்பதாண்டுப் போர் 1648 வரை மத்திய ஐரோப்பாவைச் சுடுகாடாக்கியது. அலுவலக அறை எளிமையானது. ஜன்னலருகே நின்று கீழே பார்த்தால் 'எப்படிப் பிழைத்தார்கள்' என்ற கேள்விதான் முதலில் வரும்.

என் கணக்கில் ஹோலிரூட் முதலிடம், பிராக் இரண்டாவது. டவரில் பீச்சம் டவருக்காக மட்டும் மூன்றாமிடம், ப்ளுவா கடைசி. பிள்ளைகளோடு போகிறவர்கள் டவரை முதலிலும் ஹோலிரூட்டைக் கடைசியிலும் வைத்துக்கொள்ளலாம்: டவரில் அண்டங்காக்கையும் காவலர்களின் கதை சொல்லும் சுற்றும் உண்டு, ஹோலிரூட்டில் அவர்களுக்கு ஒன்றும் இல்லை.

கிளம்புமுன் இரண்டு விஷயம். மன்னர் தங்கும் நாட்களில், வழக்கமாகக் கோடையில் ஒரு வாரம், ஹோலிரூட்டை மூடிவிடுவார்கள்; தேதியைப் பார்த்து டிக்கெட் போடுங்கள். பிராக்கில் ஜன்னலைப் பார்த்ததோடு திரும்பிவிடாமல் கீழே தெற்குத் தோட்டத்துக்கும் போங்கள். அவர்கள் விழுந்த இடத்தில் நினைவுத் தூண்கள் நிற்கின்றன, அங்கிருந்து அண்ணாந்து பார்த்தால்தான் உயரம் தெரியும். குளிர்காலத்தில் அந்தத் தோட்டம் பூட்டியிருக்கும்.