இரண்டு மாத பில்லை ஒரு மாத பில்லாக்கி சோலார் விற்கிறார்கள்

நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம் பக்கம் மாடி சோலார் விற்க வீடு தேடி வருகிறவர்களிடம் கரண்ட் பில்லை நீட்டும் முன் இதைப் படித்துவிடுங்கள்.

எங்கள் பில்லில் 480 யூனிட். வந்தவர் அதை 30ஆல் வகுத்தார். நாளுக்கு 16 யூனிட். ஒரு கிலோவாட் பேனல் நாளுக்குச் சுமார் 4 யூனிட் தரும். ஆக 4 கிலோவாட். "நாளைக்கு ஏசி வாங்குவீர்கள் சார், ஐந்தாகவே போட்டுவிடலாம்" என்றார். விலை 3,25,000 ரூபாய். 50,000 முன்பணத்தை அன்றே வாங்கிக்கொண்டார்.

தமிழ்நாட்டில் வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு ஒருமுறைதான் கணக்கு எடுக்கிறார்கள் என்பது சோலார் விற்கிறவருக்குத் தெரியாதா? 480ஐ 60ஆல் வகுத்தால் நாளுக்கு 8 யூனிட். 2 கிலோவாட் போதும்.

சேமிப்புக் கணக்கு இதைவிட அநியாயம். யூனிட்டுக்கு 8 ரூபாய் என்று பெருக்கி, மாதம் 3,840 ரூபாய் மிச்சம் என்று எழுதிக் கொடுத்தார். முதல் 100 யூனிட் இலவசம், அதற்கு மேல்தான் படிப்படியாகக் கட்டணம். நாங்கள் இரண்டு மாதத்துக்குக் கட்டுவதே 1,700 ரூபாய்க்குள். பில்லே இல்லாமல் போனாலும் ஆண்டுக்குப் பத்தாயிரம்தான் மிஞ்சும்.

மாடி சோலாருக்கு மத்திய அரசு தரும் பி.எம். சூர்ய கர் மானியம் 2 கிலோவாட்டுக்கு 60,000, மூன்றுக்கு 78,000. அதற்கு மேல் எத்தனை போட்டாலும் அதே 78,000தான். அவர் சொன்ன ஐந்தில் எங்கள் கைக்காசு 2,47,000. போட்ட பணம் திரும்ப ஏறக்குறைய 25 ஆண்டு! வேறொருவர் 2 கிலோவாட்டுக்குக் கொடுத்த விலையில் மானியம் போக 80,000தான் வருகிறது. எட்டு ஆண்டில் தேறிவிடும். மிஞ்சும் மின்சாரத்தை வாரியம் வாங்கிக்கொள்ளும் என்பார்கள். அதற்குக் கிடைக்கும் விலையை விசாரித்துவிட்டுப் பிறகு மகிழுங்கள்.

இத்தனைக்கும் அவர் மாடிக்கே ஏறவில்லை. பக்கத்துத் தோப்புத் தென்னைகளின் நிழல் மதியத்துக்குப் பின் பாதி மாடியை மூடும். வரிசையில் ஒரு பேனலில் நிழல் விழுந்தாலே மற்றவற்றின் உற்பத்தியும் குறையலாம். நமக்கோ ஆனி ஆடியிலும் மழை, ஐப்பசி கார்த்திகையிலும் மழை. அந்த 4 யூனிட் சராசரிதான், தினப்படி அல்ல. கரண்ட் போனாலும் வீட்டில் விளக்கு எரியும் என்றது சுத்தப் பொய். பேட்டரி இல்லாத இணைப்பில், லைன் போனால் இன்வெர்ட்டரும் நின்றுவிடும்.

கணக்கைக் காட்டிக் கேட்டபோது, "பொருள் வந்துவிட்டது, முன்பணம் திரும்பாது" என்றார்கள். எந்தப் பொருள், எங்கே இருக்கிறது என்று கேட்டதற்கு இன்றுவரை பதில் இல்லை. ரசீதையும் அவர் கைப்பட எழுதிய தாளையும் வைத்து நாகர்கோவில் நுகர்வோர் ஆணையத்தில் மனு கொடுத்திருக்கிறேன். நீங்களும் வாய்க்கணக்கை நம்பாமல் தாளில் எழுதி வாங்குங்கள்; கையெழுத்தோடு.