செகண்ட் ஹேண்ட் பிக்கப்: மூன்று லட்சம் ஓடிய பி.எஸ்.4-ஆ, ஒரு லட்சம் ஓடிய பி.எஸ்.6-ஆ?

தோட்டத்துக் காய்கறி ஏற்ற ஒரு பழைய பிக்கப் தேடியதில் கடைசியாக இரண்டு வண்டிகள் மிஞ்சின. ஒன்று 2018 மாடல் பி.எஸ்.4, மீட்டர் மூன்று லட்சத்தைத் தாண்டியிருந்தது. மற்றது 2021 மாடல் பி.எஸ்.6, ஒரு லட்சம்தான். (பி.எஸ். என்பது வண்டிப் புகைக்கு அரசு வைத்த கட்டுப்பாடு; எண் கூடினால் கெடுபிடியும் கூடும்.) கேட்டவர்களெல்லாம் இரண்டாவதைத்தான் எடுக்கச் சொன்னார்கள். நான் எடுத்தது முதலாவதை.

மைலேஜிலும் இழுவையிலும் சொல்லிக்கொள்ளும்படி வித்தியாசம் இல்லை. பழையது விலை குறைவு என்பதைச் சொல்லவே வேண்டாம். எஃப்.சி.யில், அதாவது வண்டியின் தகுதிச் சான்றில், புதியதுக்கு நிம்மதி: எட்டு வருஷம் வரை இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை, அதற்குப் பிறகு வருஷா வருஷம். டீசலை அதிக அழுத்தத்தில் தெளிக்கும் காமன் ரெயில் இரண்டிலும் உண்டு. டீசலில் தண்ணீர் சேர்ந்தால் இன்ஜெக்டர் போவதும் இரண்டிலும் ஒன்றுதான்.

கணக்கு மாறுவது சைலன்சர் பக்கம். 2020 ஏப்ரலுக்குப் பின் வந்த பி.எஸ்.6 டீசல் பிக்கப்பில் புகைத்துகள் கிலோமீட்டருக்கு 4.5 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. அதற்காகத்தான் டி.பி.எஃப். என்கிற வடிகட்டி. அதில் சேரும் கரியை வண்டியே அவ்வப்போது எரித்துக்கொள்ளும். சூடு 600 டிகிரி அளவுக்கு ஏற வேண்டும். பல எஞ்சின்களில் இந்தச் சூட்டுக்காகவே சிலிண்டருக்குள் கொஞ்சம் டீசல் கூடுதலாக, தாமதமாகத் தெளிக்கப்படும். பைபாஸில் ஒரே வேகத்தில் போகிறவருக்கு இது நடப்பதே தெரியாது.

என் ஓட்டம் அப்படியில்லை. தோட்டத்திலிருந்து ஒட்டன்சத்திரம் சந்தை வரை, அதில் பாதி மண் பாதை. சந்தை வாசலில் வேறு ஊர்ந்துதான் போக வேண்டும். கரி எரிந்து முடிவதற்குள் சாவியைத் திருப்பிவிடுவோம். எரியாத டீசல் பிஸ்டன் ரிங் வழியாக இறங்கி எஞ்சின் ஆயிலில் கலக்கும். ஆயில் நீர்த்துப்போனால் அடி வாங்குவது கிராங்க் பேரிங்.

இன்னொன்றும் உண்டு, என்னை முடிவெடுக்க வைத்தது இதுதான். எந்த எஞ்சினும் ஒரு கட்டத்தில் ரிங் தேய்ந்து ஆயில் குடிக்க ஆரம்பிக்கும். பி.எஸ்.4-இல் அப்படியென்றால் ஆயிலை ஊற்றி ஊற்றிக் கொஞ்ச காலம் ஓட்டலாம், கையில் காசு வந்ததும் எஞ்சினை இறக்கி வேலை பார்க்கலாம். பி.எஸ்.6-இல் அந்த ஆயிலின் சாம்பல் வடிகட்டியில் போய்த் தங்கும். கரி எரியும், சாம்பல் எரியாது. ஆக ரிங் தேய்ந்தால் பில் இரண்டு: எஞ்சினுக்கு ஒன்று, வடிகட்டிக்கு ஒன்று. வடிகட்டியைக் கழற்றி எறிந்துவிடலாம் என்று சொல்ல ஆள் இருக்கிறது. அது சட்டவிரோதம், எஃப்.சி.யில் வம்பு.

பி.எஸ்.4-க்குச் செலவே இல்லை என்று சொல்ல மாட்டேன். டர்போ, புகையில் கொஞ்சத்தைத் திரும்ப எஞ்சினுக்கே அனுப்பும் இ.ஜி.ஆர். எல்லாம் அதிலும் உண்டு. மூன்று லட்சம் ஓடிய வண்டியில் போர் வேலை (தேய்ந்த சிலிண்டரைக் கடைந்து சரிசெய்வது) வரும் என்று காசு ஒதுக்கித்தான் வாங்கினேன். ஆனால் போர் அடிக்க, கிராங்க் கிரைண்டிங் செய்ய, ஹெட் ஃபேசிங் போட திண்டுக்கல்லிலேயே லேத் பட்டறை இருக்கிறது. எவ்வளவு ஆகும் என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளலாம்.

நெடுந்தூர லைன் நான் ஓட்டியதில்லை. மதுரை–சென்னை மாதிரி ஓட்டுகிறவர் பி.எஸ்.6 எடுப்பதில் தப்பில்லை என்றுதான் என் மெக்கானிக்கும் சொல்கிறார். பார்க்கப் போகும்போது வண்டி சமதரையில், எஞ்சின் ஆறியிருக்கும்போது ஆயில் அளவு காட்டும் டிப்ஸ்டிக்கை உருவிப் பாருங்கள். ஆயில் மேல்கோட்டைத் தாண்டி நின்று டீசல் வாடையும் அடித்தால், மீட்டர் எவ்வளவு குறைவாகக் காட்டினாலும் அந்த வண்டி வேண்டாம்.