மட்லெட்: வயலுக்குப் போன நேரத்திலும் பதில் சொல்லும் மென்பொருள்

எழுத்துகளால் மட்டுமே நடக்கும் இணைய விளையாட்டுகளை ஆடுவோருக்கான மட்லெட் என்னும் இலவசத் திறமூல மென்பொருளை, மன்னார்குடிக்கு அருகில் உள்ள எங்கள் வீட்டில் ஒரு சம்பா பருவம் முழுவதும் பயன்படுத்தினேன். மும்முனை மின்சாரம் வந்ததும் ஆட்டத்தை நடுவில் விட்டுப் பம்புசெட்டுக்குப் போக வேண்டிய எனக்கு, அந்நேரத்தில் வரும் தனிச்செய்திகளுக்குத் தானாகப் பதில் போவது பேருதவியாக இருந்தது.

அமைப்பது கடினமன்று. குறிப்பிட்ட வரி திரையில் வந்ததும் தானாக இயங்கும் கட்டளையான ட்ரிக்கரில், செய்தி வரும் வரியின் வடிவத்தை ரெகுலர் எக்ஸ்பிரஷனாக, அதாவது எழுத்துகளின் அமைப்பைக் குறிக்கும் குறியீடாக எழுதி, பெயர் வரும் இடத்தை அடைப்புக்குறிக்குள் வைத்தால், அனுப்பியவர் பெயர் மேட்சஸ் என்னும் அட்டவணையின் 2ஆம் இடத்தில் கிடைக்கிறது. 1ஆம் இடத்தில் பொருந்திய பகுதி முழுவதும் இருக்கும் என்பதைப் புதியவர்கள் மறக்கக் கூடாது. பிறகு லுவா என்னும் நிரல்மொழியில் ஒரே வரியில் பதிலை அனுப்பிவிடலாம்.

ஆனால் கும்பகோணத்து நண்பர் ஒருவரும் இதையே செய்திருந்ததால், ஓர் இரவு எங்கள் இருவரின் நிரல்களும் ஒன்றுக்கொன்று ஓயாமல் பதில் அனுப்பி, இருவர் திரையையும் நிரப்பிவிட்டன. அதன்பின் ஒவ்வொருவருக்கும் கடைசியாகப் பதில் போன நேரத்தைப் பெயர்வாரியாகக் குறித்துவைத்து, 5 நிமிடங்களுக்குள் அதே நபருக்கு மறுபடி போகாதபடி மாற்றினேன். வடிவத்தை வரியின் தொடக்கத்தோடு பிணைப்பதும் அவசியம். இல்லையெனில் பொது அரட்டையில் யாரேனும் அதே சொற்களைத் தட்டினாலும் ட்ரிக்கர் இயங்கிவிடும்.

கையேடு தமிழில் இல்லாதது எனக்கு உண்மையான வருத்தம். ஆளில்லாமல் இயங்கும் நிரல்களைச் சில விளையாட்டுகள் தடை செய்வதால், அவற்றின் விதிகளைப் படித்த பின்னரே இதை இயக்குகிறேன்.